சூரியன் மீது மட்டும் பழி போடாதீங்க! பூமியின் காந்த வெளிக்குள் என்னதான் நடக்குது?

2010 ஏப்ரல் 5. அமெரிக்க கேபிள் டி.வி. நிறுவனங்களுக்குச் சேனல்களை அனுப்பிக்கொண்டிருந்த ‘கேலக்ஸி 15’ என்ற செயற்கைக்கோள், தரையிலிருந்து போகும் கட்டளைகளுக்குக் காது கொடுப்பதை நிறுத்திவிட்டது. முழுசாக இறந்துபோயிருந்தால்கூட அதை நடத்திய இன்டெல்சாட் நிறுவனத்துக்கு அவ்வளவு தலைவலி இருந்திருக்காது. அது இறக்கவில்லை. டிரான்ஸ்பாண்டர்கள் எல்லாம் ஆன் ஆகவே இருக்க, ஹேண்ட் பிரேக் போடாத லாரி மாதிரி தன் இடத்தை விட்டு மெல்ல உருள ஆரம்பித்தது. வழியில் இருந்த மற்ற நிறுவனங்களின் செயற்கைக்கோள்கள் சிக்னல் குழப்பத்துக்குப் பயந்து ஏற்பாடுகளை மாற்ற வேண்டியிருந்தது. ஊடகங்கள் அதற்கு ‘ஜாம்பி சாட்’ என்று பெயர் வைத்தன. டிசம்பர் கடைசியில் பேட்டரி சுத்தமாகத் தீர்ந்து, தானாக ரீஸ்டார்ட் ஆன பிறகுதான் அது மறுபடியும் பேச்சைக் கேட்டது. கிட்டத்தட்ட ஒன்பது மாதம்!

சூரியப் புயல்தான் காரணம் என்று முடித்துவிடலாம். ஏப்ரல் 3 அன்று சூரியனிலிருந்து ஒரு பிளாஸ்மா மேகம் கிளம்பியது, 5-ம் தேதி பூமியைத் தொட்டது, எல்லாம் உண்மைதான். ஆனால் அது ஒன்றும் நூற்றாண்டின் புயல் இல்லை. அதைவிடப் பெரியவை பல வந்து போயிருக்கின்றன. அன்றைக்கு அதே உயரத்தில் நூற்றுக்கணக்கான செயற்கைக்கோள்கள் இருந்தன, பெரும்பாலானவற்றுக்கு எதுவும் ஆகவில்லை. அப்போ கேலக்ஸி 15 மட்டும் ஏன் மாட்டியது?

அது நின்ற இடம். அந்த நேரத்தில் கேலக்ஸி 15 இருந்த தீர்க்கரேகையில் நள்ளிரவு தாண்டி சுமார் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அதாவது சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம், பூமியின் முதுகுப் பக்கம். சூரியன் அடித்த அடி முகத்தில் விழுந்தது, காயம் முதுகில் வந்தது. பூமியின் காந்த வெளிக்குள் அந்த இரவுப் பக்கத்தில் ஏதோ ஒன்று அறுந்து, சூடான எலக்ட்ரான்களை வாரி உள்ளே எறிந்திருக்கிறது. அவை செயற்கைக்கோளின் மேற்பரப்பில் மின்னூட்டமாகச் சேர்ந்து, பொறியாக வெடித்து, கட்டளைகளை வாங்கும் எலக்ட்ரானிக்ஸை உறைய வைத்திருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் பலமான சந்தேகம். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து இரும்புக் கதவைத் தொட்டதும் விரலில் ‘சுரீர்’ என்று அடிக்குமே, அதே சங்கதிதான். 36,000 கிலோமீட்டர் உயரத்தில்.

இந்தக் கட்டுரையின் வாதமும் இதுதான். ‘சூரியப் புயல் வருகிறது’ என்று செய்தி வரும்போதெல்லாம் நாம் சூரியனையே பார்க்கிறோம். பாதிக் கதை பூமிக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. அந்தப் பாதியைச் சொல்லாமல் விடுவதால்தான் ஒரு பக்கம் தேவையில்லாத பீதி, இன்னொரு பக்கம் தேவையான அக்கறை இல்லாமை, ரெண்டும் சேர்ந்தே ஓடிக்கொண்டிருக்கின்றன.

காந்தக் கவசம் என்பது கவசமா?

பள்ளிப் புத்தகத்தில் பூமிக்குள் ஒரு பார் காந்தம் வரைந்து, சுற்றிலும் வளைந்த கோடுகள் போட்டிருப்பார்கள். அழகான படம். ஆனால் நிஜத்தில் அந்தக் கோடுகள் அவ்வளவு சமச்சீராக இல்லை. சூரியனிலிருந்து விநாடிக்குச் சராசரியாக 400 கிலோமீட்டர் வேகத்தில் மின்னூட்டம் கொண்ட துகள்கள் ஓயாமல் வீசிக்கொண்டே இருக்கின்றன. இதுதான் சூரியக் காற்று. இந்தக் காற்று பூமியின் காந்தப் புலத்தைப் பகல் பக்கத்தில் அழுத்தி, சுமார் 60,000 கிலோமீட்டருக்குள் சுருக்கிவிடுகிறது. இரவுப் பக்கத்தில் அதையே இழுத்து, நிலாவின் சுற்றுப்பாதையையும் தாண்டி நீண்ட வாலாக ஆக்கிவிடுகிறது. மழைக்காலத்துல பைக்கில் வேகமாகப் போகிறவரின் ரெயின் கோட் முன்னால் உடம்போடு ஒட்டி, பின்னால் படபடவென்று அடித்துக்கொண்டு பறக்குமே, அந்த வடிவம்.

இந்தப் பையை நிரப்பியிருப்பது பிளாஸ்மா. எலக்ட்ரான்களும் அயனிகளும் தனித்தனியாகப் பிரிந்து திரியும் நிலை. சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றோடு மோதித்தான் செய்தி சொல்லும். இங்கே அடர்த்தி ரொம்பக் குறைவு. துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதே அபூர்வம். மின்புலமும் காந்தப்புலமும் வழியாகவே தூரத்திலிருந்து ஒன்றையொன்று இழுக்கும், தள்ளும். அதனால் சூடு சமமாகப் பரவி அமைதியாக அடங்கிப்போக வழி இல்லை. ஆற்றல் எங்கேயோ ஓர் ஓரத்தில் தேங்கி நிற்கும். தேங்கியது ஒரு கட்டத்தில் வெளியே வந்துதான் ஆக வேண்டும்.

அப்படி வெளியே வரும் வழிக்குத்தான் இயற்பியலாளர்கள் ‘பிளாஸ்மா நிலையின்மை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வார்த்தை பயமுறுத்தினாலும் விஷயம் வீட்டிலேயே இருக்கிறது. தண்ணீர் நிரம்பிய டம்ளர் மேல் ஓர் அட்டையை வைத்துக் கவிழ்த்துப் பிடியுங்கள், தண்ணீர் நிற்கும். அட்டையை எடுத்தால் கொட்டும். காற்றின் அழுத்தம் அப்போதும் தண்ணீரைத் தாங்கப் போதுமானதுதான், தெரியுமா? ஆனால் அட்டை இல்லாத தண்ணீர்ப் பரப்பில் ஒரு துளி நெளிவு விழுந்தால் போதும், அது தானாகப் பெருத்துக்கொண்டே போய் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு கீழே வந்துவிடும். சமநிலை இருந்தது. ஆனால் தொட்டால் திரும்பி வராத சமநிலை. இவ்வளவுதான் நிலையின்மை.

ஏரி அலையும் காந்த அலையும்

முதல் வகை, பார்த்தாலே புரிகிற வகை. ஏரி மேல் காற்று வீசினால் அலை எழும்புகிறது. ஒன்றின் மேல் ஒன்று வேறு வேறு வேகத்தில் போகும் இரண்டு பொருள்களுக்கு நடுவில் இப்படி நெளிவு பிறந்து சுருளாக வளரும். கெல்வின், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற இரண்டு 19-ம் நூற்றாண்டு விஞ்ஞானிகளின் பெயரால் இதை அழைக்கிறார்கள். பூமியின் காந்த எல்லையில் இதே கதைதான். வெளியே சூரியக் காற்று பறக்கிறது, உள்ளே பிளாஸ்மா கிட்டத்தட்ட நிற்கிறது.

2001 நவம்பரில் ஐரோப்பாவின் ‘க்ளஸ்டர்’ செயற்கைக்கோள்கள் நான்கும் இந்த எல்லையைக் கடந்தபோது பதிவான தரவுகளை வைத்து, 2004-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு ஆய்வு வெளியானது. எல்லையில் சுருண்டு திரண்ட சுழல்கள், ஒவ்வொன்றும் 40,000 கிலோமீட்டர் வரை அகலம். பூமியை வரிசையாக மூன்று முறை உள்ளே வைக்கலாம். இதில் சுவாரசியம் அளவு இல்லை. அப்போது சூரியக் காற்றின் காந்தப்புலம் வடக்கு நோக்கி இருந்தது. அந்தத் திசையில் இருந்தால் பூமியின் கதவு சாத்தியிருக்கும், துகள்கள் அதிகம் உள்ளே வராது என்பதுதான் வழக்கமான கணக்கு. கதவு சாத்தியிருந்தாலும் இந்தச் சுழல்கள் ஓரத்தைப் பிய்த்துத் துகள்களை உள்ளே கலந்துவிட முடியும் என்று அந்த நான்கு செயற்கைக்கோள்கள் காட்டின.

ஏன் நான்கு? இது ஒரு முக்கியமான விஷயம், பின்னால் தேவைப்படும். ஒரே ஒரு செயற்கைக்கோள் பறந்துபோகும்போது அளவு திடீரென்று மாறினால், ‘அந்த இடம் அப்படி’யா, ‘அந்த நேரம் அப்படி’யா என்று அதனால் சொல்ல முடியாது. ரயில் ஜன்னலில் ஒரு விளக்கு சட்டென்று மறைந்தால் அது அணைந்ததா, நாம் கடந்துவிட்டோமா? நான்கு பேர் நான்கு இடத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். க்ளஸ்டரின் முதல் நான்கு செயற்கைக்கோள்கள் 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணத்திலேயே வெடித்துச் சிதறின. ஐரோப்பியர்கள் விடாமல் மறுபடியும் கட்டி 2000-ல் அனுப்பினார்கள். எத்தனை முக்கியம் என்று அவர்கள் நினைத்திருந்தால் அப்படி ஒரு பிடிவாதம் வந்திருக்கும்!

வாலில் அறுந்த ரப்பர் பேண்ட்

கேலக்ஸி 15-ஐ மாட்டிவிட்டது இந்த ஏரி அலை இல்லை. அது வாலில் நடந்த சமாசாரம்.

சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பினால், அது பூமியின் புலத்துக்கு எதிர்த்திசை. எதிரெதிர்க் கோடுகள் உரசும் இடத்தில் அவை அறுந்து, மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. இதை ‘காந்த மறு இணைப்பு’ என்கிறார்கள். 1961-ல் ஜேம்ஸ் டங்கி என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் இந்த ஓட்டம் முழுவதையும் வரைந்து காட்டினார். பகல் பக்கத்தில் அறுந்த கோடுகளைச் சூரியக் காற்று இழுத்துக்கொண்டு போய் வாலில் அடுக்குகிறது. வாலின் மேல் பாதியில் கோடுகள் ஒரு திசை, கீழ்ப் பாதியில் எதிர்த் திசை, நடுவில் மெல்லிய மின்னோட்டத் தகடு. அடுக்க அடுக்கத் தகடு மெலிந்துகொண்டே போகும். ஒரு மணி நேரம்போல இந்தச் சேமிப்பு நடக்கும். அப்புறம் ஒரு கட்டத்தில், பட்!

அறுந்த கோடுகள் ரப்பர் பேண்ட் மாதிரி பூமியை நோக்கிச் சுண்டி வருகின்றன. கூடவே சூடான பிளாஸ்மாவும் வருகிறது. துருவப் பகுதியில் அதுவரை அமைதியாகக் கோடு போல நின்ற துருவ ஒளி சில நிமிடங்களில் கொந்தளித்து வானம் முழுக்கப் பரவும். இந்த நிகழ்ச்சி வரிசையை 1964-ல் தெளிவாக விவரித்தவர் ஸ்யுன் இச்சி அகாசோஃபு. ஆங்கிலத்தில் இதற்கு ‘சப்ஸ்டார்ம்’ என்று பெயர், துணைப் புயல் என்று சொல்லலாம். பெயரில் ‘துணை’ இருப்பதால் சின்ன விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது.

இதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே பெரிய சண்டை ஓடியது. முதலில் அறுவது எது? பூமியிலிருந்து வெகு தூரத்தில் மறு இணைப்பு நடந்து அதன் விளைவு உள்ளே வருகிறதா? இல்லை, பூமிக்குக் கொஞ்சம் பக்கத்திலேயே பிளாஸ்மா நிலைகுலைந்து மின்னோட்டம் தடைபட்டு, அதன் பிறகு தூரத்தில் மறு இணைப்பு நடக்கிறதா? யாரு முதல்ல தள்ளினது என்ற பள்ளிக்கூடப் பஞ்சாயத்து மாதிரி இருக்கு இல்லையா? ஆனால் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டுமென்றால் எதைக் கண்காணிப்பது என்பது இந்தப் பதிலைப் பொறுத்தது.

இதற்காகவே 2007 பிப்ரவரியில் நாசா ஐந்து செயற்கைக்கோள்களை ஒரே ராக்கெட்டில் அனுப்பியது. பெயர் ‘தீமிஸ்’, நீதி தேவதையின் பெயர். பஞ்சாயத்து பண்ணப் போகிறவருக்குப் பொருத்தமான பெயர்தான். சில நாட்களுக்கு ஒரு முறை ஐந்தும் வாலில் வரிசையாக நிற்கும்படி பாதை அமைத்தார்கள். 2008 பிப்ரவரி 26 அன்று அப்படி நின்றபோது ஒரு துணைப் புயல் வெடித்தது. நிலாவுக்குப் போகும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கில் மறு இணைப்பு தொடங்கியது, அதன் பிறகு சுமார் ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் துருவ ஒளி பிரகாசமானது. தூரத்துக் கட்சிக்கு வெற்றி என்று அறிவித்தார்கள். சண்டை அத்துடன் முடியவில்லை. வேறு சில நிகழ்வுகளில் பக்கத்து நிலையின்மைகளுக்கும் ஆதாரம் இருக்கிறது என்று வாதிட்டவர்கள் உண்டு. 2015-ல் நாசா இன்னும் நான்கை அனுப்பி, அவற்றைச் சில கிலோமீட்டர் இடைவெளியில் பறக்கவிட்டு, எலக்ட்ரான்கள் அளவில் இந்த அறுபடலைப் பார்த்தது. எப்படி அறுகிறது என்பது நன்றாகப் புரிய ஆரம்பித்திருக்கிறது. எந்த நிமிடத்தில் அறுகும் என்று சொல்வதுதான் இன்னும் கைக்கு வரவில்லை.

கோயில் மைக் செட்டும் கொலைகார எலக்ட்ரான்களும்

மூன்றாவது வகை எனக்கு ரொம்பப் பிடித்தது. திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ‘கொய்ங்ங்’ என்று காது கிழியும். யாரும் கத்தவில்லை. மைக்கில் விழுந்த சின்ன இரைச்சல் ஸ்பீக்கரில் பெரிசாகி, மறுபடி மைக்கில் விழுந்து, ஆம்ப்ளிஃபையரின் ஆற்றலைத் தின்று வளர்கிறது.

பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சுப் பட்டைகளில் இதற்கு இணையாக ஒன்று நடக்கிறது. வாலிலிருந்து உள்ளே எறியப்பட்ட எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுருள் சுருளாகப் போகின்றன. அவற்றின் ஆற்றல் கோட்டுக்குக் குறுக்குத் திசையில் அதிகமாகவும் நெடுக்கில் குறைவாகவும் இருந்தால், அது அட்டை எடுத்த டம்ளர் நிலைமை. ஒரு சின்ன மின்காந்த அலை அந்த எலக்ட்ரான்களிடமிருந்து ஆற்றலை உறிஞ்சி வளர ஆரம்பிக்கும். இந்த அலைகளை ஒலியாக மாற்றிக் கேட்டால் விடியற்காலையில் மரம் நிறையப் பறவைகள் கத்துவது போல இருக்கும். அதனால் பெயரே ‘கோரஸ்’. (நாசா தளத்தில் ஒலிப்பதிவு இருக்கு, ஒரு தடவை கேட்டுப் பாருங்க, ஹெட்போன் போட்டுக்கிட்டு.)

அடுத்து நடப்பதுதான் ஆபத்து. கோடிக்கணக்கான சாதாரண எலக்ட்ரான்களிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிய ஆற்றலை இந்த அலைகள் வெகு சில எலக்ட்ரான்களிடம் கொடுத்துவிடுகின்றன. ஊரெல்லாம் சீட்டுக் கட்ட, ஒருத்தர் மட்டும் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு ஓடிப்போவது மாதிரி. அந்தச் சிலர் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்துக்குப் போய்விடுகிறார்கள். செயற்கைக்கோளின் அலுமினியத் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே கேபிள் உறையிலும் சர்க்யூட் போர்டிலும் போய்ப் புதைவது இவைதான். ‘கொலைகார எலக்ட்ரான்’ என்பது ஏதோ டிஜிட்டல் தலைப்புக்காக வைத்த பெயர் இல்லை, துறைக்காரர்களே அப்படித்தான் அழைக்கிறார்கள்.

இந்தப் பட்டைகள் இருப்பது தெரிந்ததே ஒரு தமாஷான முறையில்தான். 1958 ஜனவரி 31 அன்று அமெரிக்கா அனுப்பிய முதல் செயற்கைக்கோள் ‘எக்ஸ்புளோரர் 1’. அதில் ஜேம்ஸ் வான் ஆலனின் கதிர்வீச்சு அளவி சில இடங்களில் பூஜ்யம் காட்டியது. கதிர்வீச்சே இல்லை என்று அர்த்தமா? அளவியால் எண்ண முடியாத அளவுக்குக் கொட்டியதால் அது திணறி வாயடைத்துப்போயிருந்தது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் ‘உள் பட்டை ஒன்று, வெளிப் பட்டை ஒன்று’ என்று பாடப் புத்தகங்கள் எழுதின. 2012 ஆகஸ்ட் 30 அன்று அவர் பெயரிலேயே இரண்டு செயற்கைக்கோள்கள் போயின. கருவியை ஆன் செய்த சில நாட்களிலேயே மூன்றாவது பட்டை ஒன்று தெரிந்தது. சுமார் நான்கு வாரம் இருந்துவிட்டு, சூரியனிலிருந்து வந்த ஓர் அதிர்வலையில் காணாமல் போனது. பட்டைகளைக் கல்லில் செதுக்கியது போல நினைத்திருந்தோம், அவை பால் ஆடை மாதிரி தோன்றி மறைகின்றன.

1994 ஜனவரி 20, 21-ல் கனடாவின் ‘அனிக் இ1’, ‘அனிக் இ2’ செயற்கைக்கோள்கள் அடுத்தடுத்துத் தடுமாறின. முதலாவதைச் சில மணி நேரத்தில் மீட்டார்கள். இரண்டாவதை மீட்க மாதக்கணக்கானது. சூரியனில் அப்போது பெரிய வெடிப்பு எதுவும் இல்லை, சற்றே வேகமான சூரியக் காற்று சில நாட்கள் வீசியது, அவ்வளவுதான். அந்த நாட்களில் கொலைகார எலக்ட்ரான்கள் மெதுவாகப் பெருகி, உள்ளே ஊறி, ஒருநாள் பொறியாக வெடித்தன. வானிலைத் தளங்கள் பச்சை நிறம் காட்டும் நாட்களிலும் இது நடக்கலாம் என்பதுதான் இதில் உறுத்தும் விஷயம்.

வேகம் மட்டும் போதாது

சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு இன்னோர் உதாரணம். 1972 ஆகஸ்ட் 4 அன்று வந்த பிளாஸ்மா மேகம், சூரியனிலிருந்து பூமிக்கு சுமார் 15 மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். இத்தனை வேகமாக வந்தது வேறெதுவும் பதிவில் இல்லை. வியட்நாம் கடலில் அமெரிக்கா போட்டு வைத்திருந்த காந்த உணர்வு கொண்ட கண்ணிவெடிகள் டஜன் கணக்கில் தாமாகவே வெடித்தன. ஆனால் உலகளாவிய காந்தப் புயல் என்று அளவிடும் குறியீட்டில் அது பெரிதாகத் தெரியவில்லை. காந்தப்புலம் முக்கியமாக வடக்கு நோக்கி இருந்தது, வால் நிரம்பவில்லை. மாறாக, 2024 மே 10, 11-ல் வந்தவை வேகத்தில் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் தெற்கு நோக்கிய புலம் நீண்ட நேரம் நின்றது. 2003-க்குப் பிறகு முதல் முறையாக உச்ச வகைப் புயல். லடாக்கின் ஹான்லே வானத்தில் சிவப்பு ஒளி பதிவானது. அமெரிக்காவில் விதைப்பு நேரத்தில் ஜி.பி.எஸ். வைத்து ஓடும் டிராக்டர்கள் நின்றன.

சின்னப் புயலும் சும்மா விடாது. 2022 பிப்ரவரி 3 அன்று ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் ஏறத்தாழ 40, சாதாரணப் புயல் ஒன்றில் மேல் வளிமண்டலம் சூடாகி வீங்கியதால் இழுவை தாங்காமல் கீழே விழுந்து எரிந்தன. 1989 மார்ச் 13-ல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மேல் வளிமண்டல மின்னோட்டம் திடீரென்று எகிறியதால், ஒன்றரை நிமிடத்துக்குள் மின் கட்டமைப்பு முழுவதும் சரிந்தது. 60 லட்சம் பேர் 9 மணி நேரம் இருட்டில்.

நமக்கென்ன வந்தது?

‘நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், துருவ ஒளியெல்லாம் நமக்கு எதுக்கு’ என்று கேட்கலாம். தரையில் நிற்பவருக்கு அந்தக் கேள்வி ஓரளவு நியாயம். ஆனால் நம் செயற்கைக்கோள்கள் தரையில் இல்லையே. புயல் சின்னம் உருவாகும்போது நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் எல்லாரும் போனில் பார்க்கும் அந்தச் சுழல் படங்களை அனுப்பும் இன்சாட் 3டிஆர், இன்சாட் 3டிஎஸ், வீட்டு மாடியில் இருக்கும் டி.டி.எச். தட்டுக்குப் படம் தரும் செயற்கைக்கோள்கள் எல்லாமே கேலக்ஸி 15 இருந்த அதே உயரத்தில், வெளிக் கதிர்வீச்சுப் பட்டையின் ஓரத்தில் நிற்கின்றன. நாவிக் செயற்கைக்கோள்களும் அந்த உயரம்தான். அவை எல்லாம் தினமும் ஒரு தடவை நள்ளிரவுப் பக்கத்தைக் கடந்துதான் ஆக வேண்டும்.

இன்னொரு பக்கம், காந்தப் பூமத்திய ரேகை நம் தலைக்கு மேலேயே ஓடுகிறது. அதனால்தான் 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ராக்கெட் தும்பாவிலிருந்து கிளம்பியது. அதனால்தான் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. சூரியன் மறைந்த பிறகு அந்த வானத்தில் அடர்த்தியான பிளாஸ்மா மேலேயும் லேசானது கீழேயும் ஆகிவிடும். மறுபடியும் அதே கவிழ்த்த டம்ளர். லேசான பிளாஸ்மா குமிழிகளாக மேலே எழும்பும், அந்த வழியே வரும் ஜி.பி.எஸ். சிக்னல் நட்சத்திரம் போல மினுமினுக்கும். விமானங்களுக்கு வழிகாட்டும் நம் ‘ககன்’ அமைப்பை வடிவமைத்தவர்களுக்கு இது பெரிய தலைவலி. காந்தப் புயலின்போது வால் பக்கத்தில் பிறக்கும் மின்புலம் சில நிமிடங்களில் இந்த வானம் வரை வந்து, குமிழிகளைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. வாலில் அறுந்தது திருநெல்வேலியில் தெரிகிறது.

நம்மிடம் ஆதித்யா எல்1 இருக்கிறது. செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி தலைமையில் உருவாகி, 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பி, 2024 ஜனவரி 6 முதல் 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நின்று சூரியக் காற்றை அளக்கிறது. பெருமைப்பட வேண்டிய விஷயம், மறுப்பில்லை. ஆனால் அது தெருமுனையில் நிற்கும் காவலாளி. யார் வருகிறார் என்று சொல்லும், வீட்டுக்குள் எந்தப் பாத்திரம் உடையும் என்று சொல்லாது. உள்ளே பார்க்க, மேலே சொன்னது போல ஒரே நேரத்தில் பல இடங்களில் அளக்கும் செயற்கைக்கோள் கூட்டம் வேண்டும். 2017-ல் ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்களை அனுப்பிக் காட்டிய நாடு இது. காந்த வாலில் நான்கை நிறுத்துவது நமக்கு எட்டாத காரியம் என்று நான் நம்பவில்லை. அதை யாராவது கேட்க வேண்டும், பட்ஜெட் நேரத்தில் கேட்க வேண்டும்.

அதற்குக் காத்திருக்காமல் இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, செலவும் இல்லை. உலகம் முழுக்க செயற்கைக்கோள் நிறுவனங்கள் தங்கள் கோளாறுகளை வெளியே சொல்வதை விரும்புவதில்லை. இன்ஷூரன்ஸ், போட்டி, மானம் என்று காரணங்கள். கேலக்ஸி 15 விஷயம் இவ்வளவு விரிவாகத் தெரிய வந்ததற்கு முக்கியக் காரணம், வானத்தில் எல்லார் கண்ணெதிரிலும் உருண்ட ஒன்றை மூடி மறைக்க முடியாது என்பதுதான். எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்தக் கருவி தடுமாறியது என்ற பட்டியல் இல்லாமல், எந்த நிலையின்மை எவ்வளவு சேதம் செய்கிறது என்று யாரால் கணக்குப் போட முடியும்? ஆஸ்பத்திரிகள் நோயாளிகளின் எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் டெங்குவைக் கண்காணிக்க முடியாத மாதிரிதான். பொதுப் பணத்தில் பறக்கும் செயற்கைக்கோள்களுக்காவது, ரகசியம் தேவைப்படும் பாதுகாப்புத் துறையை விட்டுவிட்டு, கோளாறு நேரங்களை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடும் வழக்கத்தை இந்தியா தொடங்கி வைக்கலாம். மும்பை கொலாபாவில் 1859-ல் கையால் எழுதி வைத்த காந்த அளவீடுகளை வைத்துத்தான், அந்த ஆண்டின் பெரும் புயல் எவ்வளவு வலுவானது என்று 2003-ல் மறு கணக்கு போட்டார்கள். 144 வருஷம் கழித்து உதவிய நோட்டுப் புத்தகம் அது.

அப்போ அடுத்த அலர்ட் வந்தா என்ன பண்றது?

2021-ல் கலிஃபோர்னியாவில் ஓர் ஆய்வாளர் கடலடி கேபிள்களைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பில் ‘இன்டர்நெட் அபோகாலிப்ஸ்’ என்ற சொல் இருந்தது. திட்டமிட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் அந்தக் கட்டுரை சொன்னது. 2023-ல் அதே சொல் ‘நாசா எச்சரிக்கை, மாதக்கணக்கில் இன்டர்நெட் இருக்காது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. இப்படி ஏதாவது மறுபடியும் வந்தால், போனை ஆஃப் செய்ய வேண்டாம், சாமான் வாங்கிக் குவிக்கவும் வேண்டாம்.

அமெரிக்க விண்வெளி வானிலை முன்கணிப்பு மையத்தின் தளத்தில் ‘பி இசட்’ என்று ஓர் எண் நிமிடத்துக்கு நிமிடம் ஓடும். சூரியக் காற்றின் காந்தப்புலம் வடக்கா தெற்கா என்பதைச் சொல்லும் எண். அளக்கும் கருவி ஆதித்யா இருக்கும் அதே பகுதியில் நிற்பதால், அங்கே தெரிவது அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து இங்கே வந்து சேரும். அது மைனஸ் 10-க்குக் கீழே இறங்கி மூன்று மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றால், வால் நிரம்பிக்கொண்டிருக்கிறது, கடுமையான புயலுக்கு வாய்ப்பு அதிகம். லடாக்கில் யாராவது நண்பர் இருந்தால் கேமராவை வடக்கே திருப்பி வைக்கச் சொல்லலாம். பிளஸ்ஸில் நின்றால் நோட்டிஃபிகேஷனை ஸ்வைப் பண்ணிவிட்டுத் தூங்கலாம்.